ஒல்லியா இருக்கறவருக்கு எப்படிங்க கொழுப்பு? – டாக்டர் கேள்வி பதில்

போன மாசம் சுகர் பத்தி எழுதறப்ப நடுவுல ஒரே ஒரு வரி எழுதி வெச்சேன், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்ட பார்த்ததும் முட்டைய நிறுத்தறதுக்கு முன்னாடி பீடிய நிறுத்துங்க, அப்படியே தேங்காய் எண்ணெயையும் கொஞ்சம் குறைங்கன்னு. அவ்வளவுதான், வந்த கடுதாசி, வாட்ஸ்அப்புல முக்காவாசி அது பத்தித்தான். கொஞ்சம் கேள்வி, கொஞ்சம் திட்டு. திட்டுன தோப்புக்காரருக்கும் உள்ள பதில் இருக்குது. பேர் போடாதீங்கன்னு பலபேர் கேட்டதால ஊர் மட்டும்.

காங்கேயம் பக்கம் ஒரு மகன்: ஏனுங்க டாக்டர், எங்கப்பாவுக்கு 61 வயசு. ஆளு முருங்கக்குச்சியாட்டம் இருப்பாரு, 54 கிலோதான். விடியக்காலம் 4 மணிக்கு எந்திரிச்சு கட்டுத்தரை கூட்டி பால் கறந்தாருன்னா பொழுதோட வரைக்கும் தோட்டத்துலதான். கறி வாரம் ஒருக்கா. கண் ஆபரேஷனுக்கு டெஸ்ட் எடுத்தப்ப, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 172ன்னு வந்துருச்சுங்க. நம்பாம வேற லேப்ல எடுத்தோம், 168. ஒல்லியா இருக்கறவருக்கு எப்படிங்க கொழுப்பு வரும்?

லேப்காரங்க மேல பழி போடாதீங்க, ரெண்டு எடத்துல எடுத்தும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வந்துருக்குதுல்ல, அப்ப நிஜந்தான். நம்மள ஏமாத்தறது 'கொழுப்பு'ங்கற வார்த்தை. இடுப்புல தொங்கறது வேற, ரத்தத்துல ஓடற கொலஸ்ட்ரால் வேற, ரெண்டும் பங்காளிகதான், ஆனா ஒருத்தர் வந்தா இன்னொருத்தரும் வந்தே தீரணும்னு இல்லை. 110 கிலோ ஆளுக்கு எல்டிஎல் 95 பார்த்துருக்கேன், 48 கிலோ அம்மாவுக்கு 190 பார்த்துருக்கேன்.

கொலஸ்ட்ரால்ங்கறது மெழுகு மாதிரி ஒரு சரக்குங்க. உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லோட சுவத்துக்கும் அது வேணும், பித்தநீர் தயார் பண்ண வேணும், ஆண் பெண் ஹார்மோனுக்கு வேணும். இவ்வளவு முக்கியமான சாமானுக்கு உடம்பு நம்ம சாப்பாட்ட நம்பி உக்காந்திருக்குமா, முக்காவாசிய அதுவே செஞ்சுக்குது, கல்லீரல்தான் அதுல பெரிய ஆலை. மெழுகு தண்ணில கரையாது, ரத்தமோ தண்ணி, அதனால புரோட்டீன் சுத்தி மூட்டை கட்டி அனுப்புது. கல்லீரல்ல இருந்து லோடு ஏத்திட்டு ஊரெல்லாம் சுத்தற வண்டி எல்டிஎல், மிச்சத்த திருப்பி எடுத்துட்டு வர்ற வண்டி எச்டிஎல். சுத்தி முடிச்ச எல்டிஎல் வண்டிய புடிச்சு உள்ள இழுத்துக்க கல்லீரல் மேல கொக்கி கொக்கியா இருக்கும். இந்த கொக்கிய கண்டுபிடிச்சதுக்குத்தான் அமெரிக்காவுல பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு டாக்டருங்களுக்கு 1985ல நோபல் பரிசு கெடச்சுது. கொக்கி எத்தனை, எப்படி வேலை செய்யுதுங்கறதுல பரம்பரைக்கு பெரிய பங்கு உண்டு. உங்கப்பாவுக்கு கொக்கி கொஞ்சம் மந்தமா இருக்கலாம், தைராய்டு கம்மியா இருந்தாலும் மந்தமாகும், அதனால தைராய்டு டெஸ்ட் முதல்ல எடுங்க.

நம்ம பக்கம் இத சொல்றப்ப எல்லாரும் சொட்டுநீர் பைப் கதைய சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தேன், போர் தண்ணி உப்பு படிஞ்சு படிஞ்சு பைப் அடைக்கற மாதிரி ரத்தக்குழாய்ல கொழுப்பு படியுதுன்னு. இப்ப சொல்றதில்லை. ஏன்னா கேட்டவங்க அடுத்த கேள்வி, "அப்ப ஆசிட் விட்டு பைப் கழுவற மாதிரி கழுவி விட்ரலாமுங்களா"ன்னுதான் கேக்கறாங்க, ஆபரேஷன் இல்லாம கழுவி விடறோம்னு காசு புடுங்கறதுக்கும் ஆளுக இருக்குது. கொழுப்பு குழாய்க்குள்ள மேலாப்புல ஒட்டறதில்லைங்க, உள்பூச்சுக்கு அடியில, சுவத்துக்குள்ள போய் தங்குது. அத திங்க வர்ற வெள்ளணுக்கள் தின்னு தின்னு ஊதி அங்கயே சாகுது, அது புண்ணாகுது, மேல ஒரு தோல் மூடுது. கட்டி மாதிரின்னு வெச்சுக்கங்க. வருஷக்கணக்கா சும்மா கெடக்கும், ஒருநாள் அந்த தோல் கிழியும், கிழிஞ்ச எடத்துல ரத்தம் உறைஞ்சு குழாய அடைச்சுக்கும், அதான் ஹார்ட் அட்டாக். பாதி கூட அடைக்காத எடத்துல கிழிஞ்சும் அட்டாக் வர்றதுண்டு. அதனாலதான் நேத்து வரைக்கும் தேங்காய் மூட்டை தூக்கினவரு இன்னிக்கு போயிடறாரு, நாம எழவு வீட்ல உக்காந்து நல்லாத்தான இருந்தாருன்னு பேசிக்கறோம்.

இதுல நம்மூர் ஆளுகளுக்கு சொல்லாமயே புரியற ஒரு கணக்கு இருக்குது, வட்டிக் கணக்கு. எல்டிஎல் அசலுங்க. அது எத்தனை வருஷமா ஓடிட்டு இருக்குதோ அத்தனைக்கும் வட்டி ஏறும். சுகர், பிரஷர், பீடி மூணும் மீட்டர் வட்டி. உங்கப்பா உழைக்கற உழைப்பு வீணில்லை, பிரஷரும் சுகரும் இத்தனை நாள் கட்டுக்குள்ள இருந்தா அதுக்கு அந்த உழைப்பும் ஒரு காரணம், ஆனா 61 வயசுல 170ங்கறது ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கற கடன். சாப்பாட்ட மட்டும் மாத்தி இத பாதியாக்க முடியாது. பிரஷர், சுகர், ஈசிஜி பார்த்துட்டு அங்க இருக்கற டாக்டர் மாத்திரை எழுதினாருன்னா வேண்டாம்னு அடம்புடிக்க விடாதீங்க. அவரு பீடி குடிப்பாரான்னு நீங்க எழுதவே இல்லை, அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க.

திருப்பூர், பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், 38 வயசு: மொத்த கொலஸ்ட்ரால் 196, 200க்கு கீழ இருக்கறதால நார்மல்னு போட்டுருக்குது. எச்டிஎல் 31, ரத்தத்துல ஓடற இன்னொரு கொழுப்பு ட்ரைகிளிசரைட் 290. நார்மல்தானுங்களே? நைட் ஷிப்ட்ல டீ, பன்னு, பப்ஸ்தான் ஓடுது, சனிக்கிழமை ரவைக்கு கொஞ்சம் பார்ட்டி, பொய் சொல்லலை.

பொய் சொல்லாததுக்கு நன்றிங்க, பாதி வேலை முடிஞ்சுது. ஆனா நார்மல் இல்லை. மொத்தம்ங்கற நம்பர் இருக்குதே, அது ரிப்போர்ட்லயே உபயோகம் கம்மியான நம்பர், ஆனா அதைத்தான் மேல பெருசா போடறாங்க, எல்லாரும் அதை பார்த்துட்டு மடிச்சு பீரோவுல வெச்சுடறாங்க. உங்க 196ல இருந்து நல்ல வண்டியான எச்டிஎல் 31ஐ கழிங்க, 165 வருது. கழிச்சு மிச்சம் நிக்கற அத்தனையும் சுவத்துக்குள்ள போய் தங்கற சரக்குதான். இதயநோய் டாக்டருங்களோட இந்திய சங்கம் 2024ல ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க, அதுல வேற தொந்தரவு எதுவும் இல்லாத ஆளுக்கே இந்த மிச்ச நம்பர் 130க்கு கீழயும், எல்டிஎல் 100க்கு கீழயும் இருக்கணும்னு இருக்குது. சுகர் மாதிரி தொந்தரவு சேர்ந்தவங்களுக்கு எல்டிஎல் 70க்கு கீழ, ஏற்கனவே அட்டாக் வந்தவங்களுக்கு 55க்கு கீழ. இத ஏன் சொல்றேன்னா, லேப் ரிப்போர்ட்ல ஓரத்துல அச்சடிச்ச 'நார்மல்' எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா உங்களுக்கு எது நார்மல்ங்கறது உங்க கூட வேற என்ன ஒட்டிட்டு இருக்குதுங்கறத பொறுத்தது.

உங்களது நம்மாளுக கிட்ட ரொம்ப சாதாரணமா பார்க்கற ஜாடைங்க, எல்டிஎல் பெருசா இருக்காது, எச்டிஎல் கீழ கெடக்கும், ட்ரைகிளிசரைட் மேல நிக்கும், கொஞ்சம் தொப்பை, கொஞ்ச வருஷத்துல சுகர். 52 நாட்டுல சேர்ந்து பண்ணி 2004ல வெளியான பெரிய ஆராய்ச்சில, நம்ம தெற்காசியாக்காரங்களுக்கு முதல் அட்டாக் மத்த நாட்டுக்காரங்களை விட அஞ்சாறு வருஷம் முன்னாடியே வர்றதா தெரிஞ்சுது. 38 சின்ன வயசுன்னு சொல்லிட்டு இருக்க நமக்கு நேரமில்லை.

நல்ல விஷயம் என்னன்னா, எல்டிஎல் மாதிரி பிடிவாதக்காரன் இல்லை ட்ரைகிளிசரைட், சொன்னா கேட்டுக்கும். அது ஏறறதுக்கு எண்ணெய விட சக்கரை, மைதா, சரக்கு மூணுந்தான் பெரிய காரணம். ராத்திரி ஷிப்ட்ல ஆறு டீன்னா ஆறு டீயிலயும் சக்கரை, கூட மைதா பன்னு, பப்ஸ்ல மைதாவும் வனஸ்பதியும், போறப்ப ஒரு பரோட்டா. டீய நிறுத்தச் சொன்னா நீங்க இந்த பக்கத்தையே கிழிச்சு போட்ருவீங்க, சக்கரை இல்லாம குடிங்க, பன்னுக்கு பதிலா ஒரு கைப்பிடி வேகவெச்ச கள்ளக்காயோ ரெண்டு அவிச்ச முட்டையோ வெச்சுக்கங்க. சரக்க மூணு மாசம் முழுசா நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் எடுங்க, நம்பர் விழறது உங்களுக்கே தமாஷா இருக்கும். 500க்கு மேல போனா கணையம் வீங்கற ஆபத்து இருக்குது, அந்த வலி வந்தவங்கள கேட்டு பாருங்க சொல்லுவாங்க. எச்டிஎல்ல ஏத்த மாத்திரை இருக்குதான்னு கேட்டு எழுதாதீங்க, இருந்துச்சு, ஏத்தியும் பார்த்தாங்க, நம்பர் ஏறுச்சு, அட்டாக் குறையலை. நடங்க, எடை குறையுங்க, அது பாட்டுக்கு கொஞ்சம் ஏறும்.

பொள்ளாச்சி, தோப்புக்காரர்: தேங்காய் எண்ணெய் குறைங்கன்னு நீங்களும் எழுதிட்டீங்க. ஏற்கனவே தேங்காய் விலை ஒருநாள் மாதிரி ஒருநாள் இல்லை, வாடல் நோய், வெள்ளை ஈன்னு செத்துட்டு இருக்கறோம். எங்க அப்பாரு 90 வயசு வரைக்கும் தேங்காய் எண்ணெய்தான் தின்னாரு. செக்குல ஆட்டுன எண்ணெய்ல கொலஸ்ட்ராலே இல்லைன்னு பாட்டில்லயே போட்டுருக்குதே?

அண்ணா, கோவம் நியாயமானது. ஆனா பாட்டில்ல போட்டுருக்கறத முதல்ல பார்த்துருவோம். கொலஸ்ட்ரால் மாடு, ஆடு, கோழி, மீன்னு உயிருள்ளதுல இருந்து வர்ற பண்டத்துலதான் இருக்கும், செடி கொடி மரத்துல இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் பேர் சொல்ற அளவுக்கு இருக்காது. அதனால கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்னு எழுதறது எலும்பு இல்லாத வாழைப்பழம்னு எழுதற மாதிரி. பொய் இல்லை, ஆனா எழுதற நோக்கம் வேற. ரத்தத்துல எல்டிஎல்ல ஏத்தறது சாப்பாட்டுல இருக்கற கொலஸ்ட்ரால விட நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குளிர்ல உறையற வகை. மார்கழி காலைல தேங்காய் எண்ணெய் பாட்டில பாருங்க, நெய் கிண்ணத்த பாருங்க, தெரியும். அந்த வகை கொழுப்பு அதிகமா போனா நான் மேல சொன்ன கொக்கிக கல்லீரல்ல குறைஞ்சு போகுது, வண்டிக ரோட்டுலயே நிக்குது.

தேங்காய் எண்ணெய்ல இந்த வகை 90 சதவீதத்துக்கு பக்கம். பாமாயில்ல பாதி. கடலை எண்ணெய்ல அஞ்சுல ஒரு பங்கு, நல்லெண்ணெய்ல அதுக்கும் கொஞ்சம் கீழ. செக்குல ஆட்டுனா மணமும் ருசியும் சில சத்தும் நிக்கும், நானும் செக்கு எண்ணெய்தான் வாங்கறேன், ஆனா செக்கு மாட்டுக்கு கொழுப்போட ஜாதிய மாத்தற சக்தி கெடையாது. தேங்காய் எண்ணெய் எல்டிஎல்ல ஏத்துது, கூடவே எச்டிஎல்லயும் கொஞ்சம் ஏத்துது, அந்த ரெண்டாவது பாதிய மட்டும் வீடியோவுல சொல்லுவாங்க. கேரளாவுல 200 இதய நோயாளிகள வெச்சு ரெண்டு வருஷம் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் குடுத்து பார்த்து 2016ல வெளியிட்டாங்க, பெரிய வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு, அதையும் எடுத்துட்டு வந்து காட்டுவாங்க. காட்டட்டும், ஆனா அவங்கெல்லாம் ஏற்கனவே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க, அத சொல்ல மறந்துருவாங்க.

உங்க அப்பாரு விஷயம். அவரு எண்ணெய எதுல ஊத்துனாரு, எவ்வளவு ஊத்துனாருன்னு யோசிங்க. ராகிக்களி, கம்மஞ்சோறு, கொள்ளு, கீரைக்கு தாளிக்க ஒரு கரண்டி, பலகாரம் நோம்பிக்கு மட்டும். ஏத்தம் இறைச்சு, நடந்தே சந்தைக்கு போய் வந்த ஆளு. நாம அவரோட எண்ணெய மட்டும் எடுத்துக்கிட்டோம், ஏத்தத்த விட்டுட்டோம். அதுவுமில்லாம, அவரு 90 வரைக்கும் இருந்தாரு, அவரு கூட பொறந்தவங்க எத்தனை பேரு 55ல போனாங்கன்னும் எண்ணிப் பார்க்கணுமுங்க, அவங்கள யாரும் உதாரணமா சொல்றதில்லை.

தேங்காய நிறுத்தச் சொல்லலை. கொழம்புக்கு அரைச்சு விடற தேங்காய்ல நார்ச்சத்தும் கூட வருது. எல்டிஎல் சரியா இருக்கற வீட்ல தேங்காய் எண்ணெயும் கடலெண்ணெயும் மாத்தி மாத்தி வெச்சுக்கங்க. எல்டிஎல் ஏறுன ஆள் இருக்கற வீட்ல கடலெண்ணெய், நல்லெண்ணெய் பிரதானமா இருக்கட்டும், தேங்காய் எண்ணெய் தாளிக்க மணத்துக்கு. எந்த எண்ணெயா இருந்தாலும் ஆளுக்கு மாசம் அரை லிட்டர், நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு லிட்டர், நான் எல்லார்கிட்டயும் சொல்ற கணக்கு இதுதான். கேட்டா பொதுவா அஞ்சு லிட்டர் டின்னுங்கறாங்க. வடை சுட்ட எண்ணெய்லயே மறுநாளும் அதுக்கு மறுநாளும் சுடறது, அது எந்த எண்ணெயா இருந்தாலும் வேண்டாம்.

நாமக்கல், கோழிப்பண்ணைக்காரர்: மஞ்சக்கருவ தூக்கி எறியச் சொல்றாங்களே, எங்க ஊரு தாங்குமாங்க?

தாங்காதுங்க. ஒரு முட்டை மஞ்சக்கருவுல ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்குது, அது உண்மை. ஒரு நாளைக்கு 300க்கு மேல கூடாதுன்னு அமெரிக்காவுல ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, 2015ல அந்த 300ங்கற எல்லைய எடுத்துட்டாங்க, சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ரால் பெரும்பாலான ஆளுகளுக்கு ரத்தத்துல கொஞ்சமாத்தான் ஏத்துதுன்னு தெரிஞ்சதால. நல்லா இருக்கற ஆள் நாளைக்கு ஒரு முழு முட்டை தாராளமா சாப்பிடலாம். சுகர் இருந்து எல்டிஎல்லும் ஏறி இருந்தா மஞ்சக்கரு வாரத்துக்கு மூணு நாலுன்னு வெச்சுக்கங்க, வெள்ளைக்கரு எத்தனை வேணா. அவிச்ச முட்டைக்கும் நாலு கரண்டி எண்ணெய்ல மெதக்கற கலக்கிக்கும் ஒரே பேர் வெச்சுக்கிட்டு முட்டை மேல பழி போடறது தப்பு.

ஈரோடு, ஒரு மருமகள்: எங்க அத்தைக்கு 63 வயசு, ரெண்டு வருஷம் முந்தி இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சாங்க. யாரோ அனுப்புன வீடியோவ பார்த்துட்டு கொலஸ்ட்ரால குறைக்கற ஸ்டேடின் மாத்திரைய மூணு மாசமா சாப்பிடறதில்லை, இப்பதான் எனக்கே தெரிஞ்சுது. கேட்டா கால் வலிக்குது, சுகர் வரும், இங்கிலீஷ் மருந்து காலத்துக்கும் திங்க முடியாதுங்கறாங்க. நான் சொன்னா எடுபடலை. நீங்க எழுதுனா படிப்பாங்க.

அத்தைக்கு நேராவே எழுதிடறேன். அம்மா, இங்கிலீஷ் மருந்துன்னு சொல்றீங்களே, அது ஒரு ஜப்பான்காரர் அரிசில வளந்த பூஞ்சக்காளான்ல இருந்து கண்டுபிடிச்சது. அகிரா எண்டோன்னு பேரு, விவசாயக் குடும்பத்து ஆளு. ஆயிரக்கணக்கான பூஞ்சைகள ஒண்ணொண்ணா சோதிச்சு பார்த்து, கடைசில 1973ல கியோட்டோவுல ஒரு தானியக்கடை அரிசில இருந்த நீலப்பச்சை பூஞ்சைல கல்லீரலோட கொலஸ்ட்ரால் உற்பத்திய அடக்கற பொருள கண்டுபிடிச்சாரு. 2024லதான் காலமானாரு. அரிசி மண்டில நாம மூக்க சுளிச்சுட்டு தள்ளி வெக்கற பூஞ்சை அது. அந்த வம்சத்துல வந்ததுதான் உங்க மாத்திரை. உற்பத்தி குறைஞ்சதும் கல்லீரல் சரக்கு பத்தலைன்னு மேல கொக்கிகள அதிகம் போட்டு ரத்தத்துல ஓடறத இழுத்துக்குது, அவ்வளவுதான் வேலை.

ஐரோப்பாவோட வடக்கு நாடுகள்ல பண்ணி 1994ல வெளியிட்ட சோதனைல, உங்கள மாதிரி ஏற்கனவே இதய நோய் வந்த 4,444 பேர்கிட்ட பாதிப்பேருக்கு இந்த வகை மாத்திரையும் பாதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் குடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சாவு 30 சதவீதம் கம்மி. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான பேர்கிட்ட திரும்ப திரும்ப பார்த்தாச்சு. வீடியோ போட்டவரு எத்தனை பேர்கிட்ட பார்த்தாரு?

கால் வலி இல்லைன்னு சொல்ல மாட்டேன், வலி உங்களுது. ஆனா லண்டன்ல ஒரு சோதனை பண்ணி 2020ல வெளியிட்டாங்க, மாத்திரை ஒத்துக்கலைன்னு நிறுத்தின 60 பேருக்கு சில மாசம் நிஜ மாத்திரை, சில மாசம் மாவு மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்லைன்னு வெச்சு, எது நிஜம் எது மாவுன்னு சொல்லாம குடுத்தாங்க, நிஜ மாத்திரைல வந்த தொந்தரவுல 90 சதவீதம் மாவு மாத்திரைலயும் வந்துச்சு. நடிச்சாங்கன்னு அர்த்தம் இல்லைங்க, வலி நிஜம், மாத்திரை மேல இருக்கற பயம் வலிய கொண்டு வருது. மிச்ச ஆளுகளுக்கு மாத்திரையாலயே வர்றதும் உண்டு, அதுக்கு தசை கெட்டிருக்குதான்னு காட்டற 'சிகே'ங்கற ரத்த டெஸ்ட் எடுத்து, டோஸ் குறைச்சு, வேற ஸ்டேடின் மாத்தி, இல்லைன்னா எசெட்டிமைப்ங்கற வேற வகை மாத்திரைய சேர்த்துன்னு நாலு வழி இருக்குது. சுகரும் அப்படித்தான், ஏற்கனவே வாசப்படில நிக்கற சுகர் கொஞ்சம் முன்னாடியே உள்ள வரலாம், அத பார்த்துக்கலாம், ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சா பார்த்துக்க நேரம் இருக்காது.

ஸ்டென்ட்ங்கறது ஒரு எடத்துல வெச்ச முட்டு. மத்த எடத்து கட்டிகளுக்கு மாத்திரைதான் முட்டு. காலத்துக்கும் மாத்திரையான்னா ஆமாங்கம்மா, கண்ணாடி போடறோம்ல அது மாதிரி. உங்க எல்டிஎல் 55க்கு கீழ நிக்கணும், இப்ப எங்க நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு குடுக்கற ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையையும் சேர்த்து நிறுத்தி இருந்தீங்கன்னா இத படிச்ச கையோட டாக்டர பார்க்க கெளம்புங்க, ஞாயித்துக்கெழமைன்னு பார்க்காதீங்க.

மருமகளுக்கு தனியா ஒண்ணு: சண்டை போட்டு குடுக்காதீங்க, மாத்திரை டப்பால கெழமை போட்டு வெச்சு, உங்க வீட்டுக்காரர விட்டு ரவைக்கு சாப்பாட்டோட குடுக்கச் சொல்லுங்க. மகன் குடுத்தா விஷமும் சாப்பிடுவாங்க.

கோபி, 31 வயசு அம்மணி: எங்கப்பா 43 வயசுல தூக்கத்துலயே போயிட்டாரு, சித்தப்பா 46ல. எனக்கு எல்டிஎல் 241. கண்ணிமை ஓரத்துல மஞ்ச மஞ்சயா இருக்குது. மாமன் மகனைத்தான் கட்டி இருக்கறேன், 5 வயசுல ஒரு பையன். அடுத்த கொழந்தைக்கு பார்த்துட்டு இருக்கறோம். பயமா இருக்குதுங்க.

கண்ணு, இந்த தடவை வந்ததுலயே நான் ரெண்டு தடவை படிச்ச கடுதாசி உன்னுது. இது சாப்பாட்டுல வந்தது இல்லை, நீ எந்த தப்பும் பண்ணலை. 190க்கு மேல எல்டிஎல், சின்ன வயசுல குடும்பத்துல சாவு, ரெண்டும் சேர்ந்தா பரம்பரை கொலஸ்ட்ரால் நோயான்னு பார்த்தே ஆகணும். கொக்கிய செய்யற மரபணு அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ ஒண்ணு பழுதா வந்துருக்கும், உலகத்துல சுமாரா 250 பேருக்கு ஒருத்தருக்கு இருக்குது, அதுல பெரும்பாலானவங்களுக்கு தெரியாது. பொறந்த நாள்ல இருந்தே வட்டி ஓடுது, அதனாலதான் 43ல முடிஞ்சுருச்சு. சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சவங்க மத்தவங்கள மாதிரி வாழ்ந்துட்டு இருக்காங்க, பயத்துக்கு மருந்து அதுதான்.

பையனுக்கு இப்பவே ஒரு ரத்த டெஸ்ட் எடு, பழுது அவனுக்கு வந்துருக்க பாதிக்கு பாதி வாய்ப்பு. உன் கூடப் பொறந்தவங்க, சித்தப்பா பசங்க எல்லாருக்கும் சொல்லு. உங்கம்மா, வீட்டுக்காரர் ரெண்டு பேரும் கண்டிப்பா எடுக்கணும். ஏன்னா நம்ம பக்கம் மாமன் மகன், அத்தை மகள்னு கட்டிக்கறோம். பழுது உங்கம்மா வழில வந்ததா இருந்தா மாமா வழியா உன் வீட்டுக்காரருக்கும் வந்துருக்கலாம். உங்கப்பா வழின்னு தெரிஞ்சாலும் சந்தேகத்துக்கு எடுத்துருங்க. ரெண்டு பக்கமும் பழுது சேர்ந்து பொறக்கற கொழந்தைக்கு நாலுல ஒரு வாய்ப்புல ரெண்டு மரபணுவும் பழுதாகி, எல்டிஎல் 500ஐயும் தாண்டும், பத்து பதினஞ்சு வயசுலயே இதயத்துக்கு ஆபத்து. அது ரொம்ப அபூர்வம், ஆனா கேக்காம விடற விஷயம் இல்லை. கூடவே 'லைப்போபுரோட்டீன் (ஏ)'ங்கற, பரம்பரையா வர்ற இன்னொரு கொலஸ்ட்ரால் வண்டிக்கான டெஸ்ட், வாழ்நாள்ல ஒரே தடவை எடுத்தா போதும், அதையும் எடுத்துரு. கொழந்தைக்கு பார்க்கறதால ஸ்டேடின் எப்ப ஆரம்பிக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி முடிவு பண்ணணும், கர்ப்பமா இருக்கறப்ப பொதுவா குடுக்கறதில்லை. தள்ளிப்போடாம இந்த மாசமே போ சாமி.

தாராபுரம்: கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு சொல்லுவாங்களே, கொள்ளுத்தண்ணி குடிச்சா கொலஸ்ட்ரால் கரையுமுங்களா? பூண்டு?

கரையாதுங்க, ஆனா கொள்ளு நல்லது. கொள்ளு, தட்டப்பயிறு, வெந்தயம், கத்திரிக்காய், வெண்டைக்காய் இதுல இருக்கற கரையற நார் குடல்ல பித்தநீர புடிச்சு வெளிய தள்ளுது, கல்லீரல் புதுசா பித்தநீர் செய்ய ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ரால எடுத்துக்கும். தினமும் ஒழுங்கா சாப்பிட்டா எல்டிஎல் ஏதோ 5 சதவீதம், கூடப்போனா கொஞ்சம் மேல குறையும். தண்ணிய மட்டும் குடிச்சுட்டு கொள்ள மாட்டுக்கு போட்டா மாட்டுக்குத்தான் கொலஸ்ட்ரால் குறையும். கடைஞ்சு சோத்துல பிசைஞ்சு சாப்பிடுங்க. பூண்டு ருசிக்கு.

பவானி, ஜமக்காளத் தறிக்காரர்: சாப்பிட்டதும் நடந்தா நெஞ்சுக்கு நடுவுல அழுத்தற மாதிரி வருது, நின்னா போயிருது. கேஸ்னு சோடா குடிக்கறேன். எனக்கு கொலஸ்ட்ரால் நார்மல்ங்க, 180.

நடந்தா வந்து நின்னா போற அழுத்தம் கேஸ் மாதிரி நடிக்கற இதய வலியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 180ங்கறத வெச்சு ஏமாறாதீங்க, அட்டாக் வந்து வர்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு கொலஸ்ட்ரால் நம்பர் பெருசா இருக்கறதில்லை. நாளைக்கே ஈசிஜி, டாக்டர் சொன்னா எக்கோவும் ட்ரெட்மில்லும், ட்ரெட்மில்லுக்கு முன்னாடி நீங்களா ஓடிப் பார்க்காதீங்க. உக்காந்திருக்கறப்பவே வந்து 15, 20 நிமிஷமாகியும் போகலைன்னா, வேர்த்துக் கொட்டுனா, தாடைக்கோ கைக்கோ பரவுனா, பைக்க எடுக்காம 108க்கு போன் பண்ணுங்க. பொம்பளைகளுக்கு நெஞ்சு வலியே பெருசா இல்லாம மூச்சு வாங்கறது, அசதி, மேல்வயிறு வலின்னு வர்றதும் உண்டு, வீட்ல சொல்லி வைங்க.

சென்னிமலை: முந்தின நாள் பங்காளி வீட்டு கெடாவெட்டு விருந்து, குடல் கொழம்பு, ரத்தப்பொரியல் எல்லாம் ஒரு கட்டு கட்டிட்டு காலைல டெஸ்ட் குடுத்துட்டேன். ட்ரைகிளிசரைட் 430. செத்துருவனாங்க?

இல்லைங்க. விருந்து அன்னிக்கு எல்டிஎல் அவ்வளவா மாறாது, ட்ரைகிளிசரைட்தான் துள்ளும், அதுவும் 400ஐ தாண்டுனா லேப்ல கணக்குப் போட்டு குடுக்கற எல்டிஎல் நம்பரையும் நம்ப முடியாது. ரெண்டு வாரம் வழக்கமா சாப்பிடறத சாப்பிட்டுட்டு, சரக்கு இல்லாம, ராத்திரில இருந்து 12 மணி நேரம் வெறும் வயித்துல இருந்து மறுபடி குடுங்க. அதுவும் 430ன்னே வந்தா எனக்கு எழுதாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.